காசாபிளாங்காவைக் காதல் படம் என்று கொண்டாடுவது சரிதானா?

ஹாலிவுட்டின் நூறு ஆண்டுக் காலக் காதல் படங்களை 2002ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தரவரிசைப்படுத்தியது. முதல் இடம் ‘காசாபிளாங்கா’வுக்குக் கிடைத்தது. ‘கான் வித் த விண்ட்’ இரண்டாம் இடத்துக்குப் போனது, ‘ரோமன் ஹாலிடே’ நான்காம் இடத்தோடு நின்றது. 1942இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். ஓடுவது 102 நிமிடம். பெரும்பகுதி வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவின் அரங்குகளுக்குள்ளேயே எடுக்கப்பட்டது. அப்படிப்பட்ட படம் அறுபது ஆண்டுகள் கழித்தும் காதலுக்கு இலக்கணமாக நின்றது.

பட்டியல்கள் சண்டை போடுவதற்கென்றே தயாரிக்கப்படுகின்றன என்பது என் எண்ணம். ஆனால் இந்த இடத்தைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை என்பதுதான் வியப்பு. படத்தைப் பார்க்காதவர்களும் அதைக் காதல் காவியம் என்றே அறிந்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் விமான நிலையக் காட்சியைச் சொல்லி உருகுகிறார்கள். அந்தக் காதலை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பார்த்தால் அது தேறுமா? தேறாது என்பேன். படம் பெரிய படம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. அதன் பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது. பெயரை மட்டும் காதல் தட்டிக்கொண்டு போய்விட்டது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: காலம் 1941 டிசம்பர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்துவிட்டது. பிரெஞ்சு மொராக்கோவின் துறைமுக நகரமான காசாபிளாங்கா, ஜெர்மனிக்கு அடங்கிப்போன விஷி அரசின் கையில் இருக்கிறது. பாரிசிலிருந்து மார்செய், அங்கிருந்து கடல் கடந்து ஓரான், பிறகு ஆப்பிரிக்காவின் விளிம்பு வழியாகக் காசாபிளாங்கா என்று வந்து சேர்ந்த அகதிகள், லிஸ்பனுக்கு விமானம் ஏற விசா கேட்டுக் காத்துக் கிடக்கிறார்கள். அங்கே சூதாட்ட அறையோடு கூடிய ஒரு மதுக்கூடத்தை நடத்துகிறான் ரிக் என்ற அமெரிக்கன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு பாரிசில் அவனைக் காதலித்து, ரயில் நிலையத்தில் காக்கவைத்துவிட்டு வராமல் போன இல்சா, ஓரிரவு தன் கணவன் விக்டர் லாஸ்லோவோடு அந்தக் கூடத்துக்குள் நுழைகிறாள். லாஸ்லோ, நாஜிகளின் முகாமிலிருந்து தப்பி வந்த செக் போராட்டத் தலைவன். இரண்டு பேர் தப்பிச் செல்லப் போதுமான பயண அனுமதிக் கடிதங்கள் ரிக்கின் கையில் சிக்கியிருக்கின்றன. யார் போவது, யார் தங்குவது என்பதுதான் கதை.

இந்தக் காதலுக்குப் படம் தரும் சாட்சியம் பாரிஸ் நினைவுக் காட்சிகள் மட்டுமே. ஒரு கார்ப் பயணம், ஒரு படகுப் பயணம், ஷாம்பெயின், நடனம், மறுபடியும் ஷாம்பெயின். பின்னணியில் ஓடும் திரையில் பாரிஸ் நகர்கிறது. முன்னால் நிற்கும் காரில் ரிக்காக நடித்த போகார்ட்டும் இல்சாவாக நடித்த பெர்க்மனும் தலைமுடி பறக்கச் சிரிக்கிறார்கள். ஒருவரையொருவர் எதற்காக விரும்பினார்கள் என்பதற்கு ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. கேள்வி கேட்கக் கூடாது என்று அவர்களே உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். திரைக்கதை ஆசிரியர்களுக்கு அது பெரிய வசதி. ஜெர்மானியப் பீரங்கி முழங்கும்போது, அது பீரங்கிச் சத்தமா என் இதயத் துடிப்பா என்று இல்சா கேட்கிறாள். படத்தின் மற்ற இடங்களில் கத்தியைப் போல வெட்டும் வசனங்களை எழுதியவர்களா இதை எழுதினார்கள் என்று தோன்றும். எழுதியவர்கள் ஒருவர் அல்லர். கிண்டலும் சாமர்த்தியமும் எப்ஸ்டீன் இரட்டையர்களான ஜூலியஸ், பிலிப் ஆகியோருடையவை; அரசியல் கனம் ஹோவர்ட் கோச் சேர்த்தது; காதல் காட்சிகளைச் செப்பனிட வந்தவர் பெயர் போடப்படாத கேசி ராபின்சன். கோச்சும் எப்ஸ்டீன்களும் இதற்காக ஆஸ்கர் வாங்கினார்கள்.

பாரிஸைக்கூட மன்னித்துவிடலாம். இல்சாவுக்கு நடப்பதை மன்னிப்பதுதான் கடினம். கடிதங்களைக் கேட்டு அவள் இரவில் ரிக்கின் அறைக்கு வருகிறாள், துப்பாக்கியை நீட்டுகிறாள், சுட முடியாமல் உடைந்துபோகிறாள். தான் இன்னும் அவனையே காதலிப்பதாகச் சொல்கிறாள். அடுத்து அவள் சொல்வதுதான் படத்தின் முதுகெலும்பு: எது சரி என்று எனக்கு இனித் தெரியவில்லை, நம் இருவருக்காகவும், எல்லோருக்காகவும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். சரி, யோசிக்கிறேன் என்கிறான் ரிக். அந்த நொடியோடு முதன்மைப் பாத்திரம் என்ற தகுதியிலிருந்து இல்சா விடுவிக்கப்படுகிறாள். அதற்குப் பிறகு அவள் எடுக்கும் முடிவு என்று ஒன்றுமே இல்லை.

விமான நிலையக் காட்சியை இந்தக் கண்ணோடு ஒரு முறை பாருங்கள். ரிக்கோடு தங்கப்போகிறோம், கணவன் மட்டும் தனியே பறக்கப்போகிறான் என்ற நம்பிக்கையில்தான் இல்சா அங்கே வந்து நிற்கிறாள். ரிக், போலீஸ் அதிகாரி ரெனோவிடம் கடிதங்களைக் கொடுத்துப் பெயர்களை நிரப்பச் சொல்கிறான். அப்போதுதான் அதிகாரப்பூர்வமாக இருக்குமாம். ரெனோ பேனாவைத் திறக்கிறார். பெயர்கள், திரு மற்றும் திருமதி விக்டர் லாஸ்லோ. தன் எதிர்காலம் என்ன என்பதை ஒரு போலீஸ்காரர் படிவம் நிரப்பும்போதுதான் அந்தப் பெண் தெரிந்துகொள்கிறாள். ஏன் என் பெயர் என்று அவள் கேட்க, மூன்று சிறு மனிதர்களின் பிரச்சினை இந்தப் பைத்தியக்கார உலகத்தில் ஒரு பொருட்டே இல்லை என்ற பொருளில் ரிக் ஆற்றும் உரை தொடங்குகிறது. அதோடும் முடியவில்லை. கடிதங்களுக்காகத்தான் அவள் என்னைக் காதலிப்பதுபோல் நடித்தாள் என்று அவள் கணவனிடம் ரிக் ஒரு பொய்யைச் சொல்கிறான். அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். இரண்டு ஆண்கள் ஒருவர் மனத்தை ஒருவர் புண்படுத்தாமல் அவளைக் கைமாற்றிக்கொள்ளும் சடங்கு அது. தியாகம் என்று ரிக்குக்கு மட்டும் பட்டம் கிடைக்கிறது. அவள் இழந்ததற்குக் கணக்கே இல்லை.

படப்பிடிப்பின்போது தான் யாரைக் காதலிக்க வேண்டும் என்றே தெரியாமல் நடித்ததாக இங்க்ரிட் பெர்க்மன் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். இயக்குநர் மைக்கேல் கர்டிஸைக் கேட்டபோது, இரண்டுக்கும் நடுவில் நடியுங்கள் என்றாராம். ரசிகர்கள் இதை ஒரு மந்திரக் கதைபோலத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தக் குழப்பம் அவர் முகத்துக்கு ஒரு மர்மத்தைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் முடிவு அவ்வளவு திறந்தே கிடக்கவும் இல்லை. ஹாலிவுட்டின் சுயதணிக்கை விதிகளை ஜோசப் பிரீன் கறாராக அமல்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. கணவன் உயிரோடிருக்க மனைவி இன்னொருவனோடு போய்விடுவதாக முடியும் படத்தை அவர் அலுவலகம் விட்டுவைக்காது. அவள் லாஸ்லோவோடு விமானம் ஏறியாக வேண்டும். ஏற்றிவிடுவதற்கு நம்பும்படியான காரணம் கண்டுபிடிப்பதுதான் எழுத்தாளர்களின் தலைவலியாக இருந்தது. தியாகம் என்று நாம் உருகுவதில் பாதி, அன்றைய சட்டதிட்டம் இட்ட கட்டளை.

அந்த இரவு அறைக் காட்சியிலும் தணிக்கையின் கைரேகை இருக்கிறது. இல்சாவும் ரிக்கும் தழுவிக்கொள்கிறார்கள். படம் கரைந்து, சில விநாடிகள் விமான நிலையக் கோபுரத்தின் சுழல்விளக்கைக் காட்டுகிறது. திரும்பவும் அறை, ரிக் ஜன்னலருகே நின்று சிகரெட் பிடிக்கிறான், அப்புறம் என்ன நடந்தது என்று பாரிஸ் கதையைக் கேட்கிறான். நடுவில் கழிந்தது சில நொடியா, சில மணி நேரமா? நடந்தது என்று நினைப்பவர் நினைக்கலாம், நடக்கவில்லை என்பவருக்கும் ஆதாரம் இருக்கிறது. தணிக்கையாளரையும் பார்வையாளரையும் ஒரே வெட்டில் திருப்திப்படுத்திய அந்தச் சாமர்த்தியத்தை நான் ரசிக்கிறேன். ஆனால் அது கைத்தொழில் திறமை. இந்த இருவரின் காதல் ஆழமானது என்பதற்கு அது சான்றாகாது.

பிறகு ஏன் நெஞ்சு கனக்கிறது? கனக்கத்தான் செய்கிறது, அதை மறுத்தால் பொய் சொன்னவனாவேன். அதற்கான விடை காதலர்கள் இருக்கும் முன்மேசையில் இல்லை, அகதிகள் இருக்கும் பின்மேசைகளில் இருக்கிறது.

இந்தக் கதையின் விதை மர்ரே பர்னெட் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் 1938இல் வியன்னாவுக்குப் போனபோது விழுந்தது. ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. அங்கே சிக்கிக்கொண்ட யூத உறவினர்களுக்கு உதவுவது பயணத்தின் நோக்கம். பிறகு தெற்கு பிரான்சில் ஒரு இரவு விடுதியில், பல நாட்டு அகதிகள் நடுவே ஒரு கறுப்பினக் கலைஞர் பியானோ வாசிப்பதைப் பார்த்தார். ஜோன் அலிசனோடு சேர்ந்து ஒரு நாடகம் எழுதினார். மேடையேறாத அந்த நாடகம் வார்னர் பிரதர்ஸுக்கு வந்து சேர்ந்தபோது, பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி அமெரிக்காவைப் போருக்குள் இழுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதைப் படித்த ஸ்டூடியோ ஊழியர், நாகரிகமான புருடா என்ற பொருள்படக் குறிப்பு எழுதி, ஆனால் ஓடும் என்று பரிந்துரைத்தார். 20,000 டாலருக்கு உரிமை வாங்கினார்கள். தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் அதற்குக் ‘காசாபிளாங்கா’ என்று பெயர் மாற்றினார்.

நாடகத்தில் காதலி ஓர் அமெரிக்கப் பெண். ரிக், மனைவி மக்களைப் பிரிந்த வக்கீல். காதல் பகுதியை ஸ்டூடியோ தன் விருப்பம்போல் மாற்றிக்கொண்டே போனது. மாறாமல் வந்தது விசாவுக்கான காத்திருப்பு மட்டுமே. பர்னெட் நேரில் கண்டதும் அதுதான்.

அடுத்து நடிகர் தேர்வு. பெயர் காட்டப்பட்ட நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர்: ஹம்ஃப்ரி போகார்ட், டூலி வில்சன், ஜாய் பேஜ். மற்றவர்கள் வந்த வழிகளைப் பார்த்தால் திரைக்கதையே வெளிறிப்போகும். நாஜி மேஜர் ஸ்ட்ராசராக நடித்த கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். பணப்பையைத் திருடிக்கொண்டே ஜாக்கிரதை, எங்கும் பருந்துகள் என்று எச்சரிக்கும் ஜேப்படிக்காரன், பெர்லின் மேடையில் புகழ்பெற்றிருந்த கர்ட் பாய்ஸ். கன்னங்கள் குலுங்கச் சிரிக்கும் தலைமைச் சர்வர் கார்ல், ஹங்கேரிய யூதரான சாக்கால். அவருடைய சகோதரிகள் முகாம்களில் இறந்தார்கள்.

சூதாட்ட மேசைக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பல்கேரியாவிலிருந்து வந்த இளம் தம்பதி. விசாவுக்குக் கொடுக்கப் பணமில்லை. கணவன் யான் கடைசிக் காசுகளை வைத்து ரூலெட் ஆடித் தோற்றுக்கொண்டிருக்கிறான். மனைவி அன்னினா, ரிக்கின் மேசைக்கு வந்து, கேப்டன் ரெனோ எப்படிப்பட்டவர், வாக்கைக் காப்பாற்றுவாரா என்று கேட்கிறாள். ரெனோ விசாவுக்கு என்ன விலை கேட்டிருக்கிறார் என்பதை அவள் சொல்வதில்லை. கேட்கிற எவருக்கும் புரியும். பிறகு அவள் கேட்பது: உங்களை மிகவும் நேசித்த ஒருத்தி, உங்கள் மகிழ்ச்சி ஒன்றையே வேண்டி, ஒரு தப்பான காரியத்தைச் செய்து, அதை உங்களிடம் சொல்லவே இல்லையென்றால், நீங்கள் அவளை மன்னிப்பீர்களா? என்னை யாரும் அவ்வளவு நேசித்ததில்லை என்கிறான் ரிக். எழுந்து மேசைக்குப் போகிறான். யானிடம், 22இல் வைத்துப் பார்த்தாயா என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, சக்கரத்தைச் சுற்றுபவனை ஒரு பார்வை பார்க்கிறான். 22 விழுகிறது. அப்படியே விட்டு வை என்கிறான். மறுபடியும் 22. பணத்தை எடுத்துக்கொள், இனி இந்தப் பக்கம் வராதே.

இப்போது முகங்களைப் பாருங்கள். யானாக நடித்த ஹெல்முட் டான்டீன், ஆஸ்திரியா இணைக்கப்பட்டபோது நாஜி எதிர்ப்புக்காக முகாமில் அடைக்கப்பட்டு வெளியே வந்தவர். சக்கரத்தைச் சுற்றும் எமிலாக வருபவர் மார்செல் டாலியோ. போருக்கு முந்தைய பிரெஞ்சுத் திரையுலகின் முன்னணி நடிகர், ழான் ரென்வாரின் தலைசிறந்த இரண்டு படங்களில் நடித்தவர். யூதரின் முக அடையாளம் இதுதான் என்று அவருடைய படத்தையே நாஜிகள் சுவரொட்டியில் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்டவருக்கு ஹாலிவுட் கொடுத்த வேலை, எண்ணைக் கூவிச் சக்கரத்தைச் சுற்றுவது. டைட்டிலில் பெயர்கூட இல்லை. அன்னினாவாக நடித்த ஜாய் பேஜ் மட்டும் அமெரிக்கப் பெண், ஸ்டூடியோ முதலாளி ஜாக் வார்னரின் மனைவியுடைய மகள். (சிபாரிசு எந்த ஊரிலும் சிபாரிசுதான், ஆனால் அந்தப் பெண் நன்றாகவே நடித்தார்.)

டாலியோவின் அப்போதைய மனைவி மாடலின் லெபோவும் படத்தில் இருக்கிறார். ரிக்கால் கைவிடப்பட்டு ஜெர்மானிய அதிகாரி ஒருவனோடு கூடத்துக்கு வரும் இவோன் அவர்தான். 1940இல் இருவரும் ஜெர்மானியப் படைக்கு முன்பாகப் பாரிசை விட்டு ஓடி லிஸ்பன் சேர்ந்தார்கள். அங்கே சிலி நாட்டு விசா வாங்கிக் கப்பல் ஏறினார்கள். கப்பல் மெக்சிகோவை அடைந்தபோது, தங்கள் கையில் இருந்த விசா போலி என்பது தெரியவந்தது. நடுவழியில் மாட்டிக்கொண்டு, தற்காலிகக் கனடா பாஸ்போர்ட் கிடைத்த பிறகுதான் அமெரிக்காவுக்குள் நுழைய முடிந்தது. படத்தின் அகதிகள் பேசும் விசா, விலை, ஏமாற்று எல்லாம் அவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய சொந்தக் கதை.

ஜெர்மானிய அதிகாரிகள் பியானோவைச் சுற்றி நின்று தங்கள் தேசபக்திப் பாட்டொன்றைப் பாடுகிறார்கள். லாஸ்லோ இசைக்குழுவிடம் போய் பிரான்சின் தேசிய கீதமான மார்செய்யேஸை வாசிக்கச் சொல்கிறான். குழுவினர் ரிக்கைப் பார்க்க, அவன் லேசாகத் தலையசைக்கிறான். கூடம் முழுவதும் எழுந்து பாடுகிறது, ஜெர்மானியக் குரல்கள் மூழ்கிப்போகின்றன. கேமரா இவோனின் முகத்துக்குப் போகிறது. கண்ணீர் வழிய அவள் பாடுகிறாள். அப்போது லெபோவுக்கு வயது 19. அங்கே பாடிய துணை நடிகர்களில் பலர் உண்மையான அகதிகள். அவர்களுடைய ஊர்கள் அப்போதும் ஜெர்மனியின் பிடியில்தான் இருந்தன, போர் யார் பக்கம் முடியும் என்று யாருக்கும் தெரியாது. பாரிஸ் நினைவுக் காட்சிகளின் மொத்த ஷாம்பெயினும் இந்த ஒரு முகத்துக்கு ஈடாகாது.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எகோ இந்தப் படத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கலை அளவுகோல்களின்படி இது சுமாரான படம் என்றார். ஆனால் எல்லாத் தேய்வழக்குகளையும் ஒரே இடத்தில் கொட்டியதால் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது, இரண்டு தேய்வழக்குகள் சிரிக்கவைக்கும், நூறு சேர்ந்தால் உருகவைக்கும் என்பது அவர் வாதம். கெட்டிக்காரத்தனமான வாதம். திரைக்கதையை மட்டும் வைத்துப் பார்த்தால் மறுக்கவும் முடியாது. ஜூலியஸ் எப்ஸ்டீனே, கான்சாஸ், அயோவா இரண்டு மாகாணங்களிலும் விளையும் சோளத்தைவிட இதில் அசட்டு உருக்கம் அதிகம் என்று கேலி செய்திருக்கிறார் (சோளத்துக்கும் அசட்டு உருக்கத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், ‘கார்ன்’). ஆனால் எகோ எண்ணியது சூழ்நிலைகளை. மனிதர்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நேரம் கேட்டுக்கொள்வதையே ஆங்கிலத்தில் தடுமாறி ஒத்திகை பார்க்கும் வயதான லாய்க்டாக் தம்பதியின் காட்சி, நகைச்சுவைத் தேய்வழக்குதான். அமெரிக்காவில் நீங்கள் ஜமாய்த்துவிடுவீர்கள் என்று கார்ல் பிராந்தி ஊற்றிக்கொடுக்கிறார். கணவராக நடித்த லுட்விக் ஸ்டோசல், மனைவியாக நடித்த இல்கா க்ரூனிங், ஊற்றிக்கொடுக்கும் சாக்கால் மூவருமே நாஜிகளால் விரட்டப்பட்டு, வயதான காலத்தில் புது மொழியில் பிழைப்பைத் தொடங்கியவர்கள். அந்த நடுக்கத்தை எழுத்தாளர் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்தப் பின்மேசைகளின் கனம்தான் முன்மேசைக்குக் கசிகிறது. அன்னினா தன் கணவனுக்காக என்ன செய்யத் துணிந்தாள் என்று பார்த்த பிறகுதான் இல்சாவின் தவிப்புக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. மார்செய்யேஸ் கேட்ட பிறகுதான் லாஸ்லோவை விமானம் ஏற்றுவது அவசியம் என்று நமக்கே படுகிறது. லாஸ்லோ தன்னளவில் மரப்பாச்சி. முகாமிலிருந்து தப்பி ஐரோப்பா முழுக்க ஓடியவர், மடிப்புக் கலையாத வெளிர் உடையில் வந்து நிற்கிறார். அவருக்காக நாம் கவலைப்படுவது அந்தக் கூடம் எழுந்து நின்றதால்தான்.

வெளிவந்த நேரமும் கைகொடுத்தது. ரிக் காதலனாக எழுதப்பட்டதைவிட அமெரிக்காவாகத்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறான். யாருக்காகவும் என் கழுத்தை நீட்டமாட்டேன் என்பவன், கடைசியில் நீட்டுகிறான். படத்தில் அவன் கையெழுத்திடும் சீட்டில் தேதி 1941 டிசம்பர் 2 என்றிருக்கிறது. பேர்ல் ஹார்பருக்கு ஐந்து நாள் முன்பு. நியூயார்க்கில் இப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள், அமெரிக்கா முழுக்கவே தூங்கிக்கொண்டிருக்கும் என்று அவன் குடிபோதையில் சொல்வது காதல் புலம்பலின் நடுவே வருகிறது. 1942 நவம்பர் 8 அன்று நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின, காசாபிளாங்கா செய்தித்தாள் தலைப்பானது. அவசர அவசரமாக நவம்பர் 26இல் நியூயார்க்கில் படம் திரையிடப்பட்டது. 1943 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அதே நகரத்தில் மாநாடு நடத்திக்கொண்டிருந்தபோது நாடெங்கும் வெளியானது. எந்த விளம்பர இலாகாவும் விலைகொடுத்து வாங்க முடியாத அதிர்ஷ்டம். வேடிக்கை என்னவென்றால், விஷி ஆதரவாளர்கள் முகம் சுளிப்பார்களோ என்று அஞ்சி, வட ஆப்பிரிக்காவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக்காட்ட அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகமே தடைபோட்டது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஊரின் பெயரைத் தலைப்பாக வைத்த படத்தில் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. மொராக்கோ மக்கள் சந்தைக் கூட்டமாகவும் வாசல் காப்பவனாகவும் வந்துபோகிறார்கள். பிரான்சின் விடுதலைக்காகக் கண்ணீர்விடும் கூடம், அந்த நாடு பிரான்சின் பிடியில் இருப்பதைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் எழுப்புவதில்லை. எவராலும் ரத்து செய்ய முடியாத பயண அனுமதிக் கடிதம் என்பது எழுத்தாளர்களின் கற்பனை. அப்படி ஒரு காகிதம் எங்கும் இருந்ததில்லை.

ரிக்கின் கூடத்தில் பியானோ வாசித்துப் பாடும் கறுப்பினக் கலைஞர் சாமின் கதை இதைவிட நெருடலானது. ‘ஆஸ் டைம் கோஸ் பை’ பாட்டு 1931இல் ஹெர்மன் ஹப்ஃபெல்ட் எழுதியது. அதை இந்தப் படத்தின் மூலம் உலகமறியச் செய்தவர் சாமாக நடித்த டூலி வில்சன். பாடகர், டிரம் வாசிப்பவர். பியானோ வாசிக்கத் தெரியாது, திரைக்குப் பின்னால் வாசித்தவர் வேறொருவர். இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டெய்னர் அந்தப் பாட்டை எடுத்துவிட்டுத் தன் மெட்டைப் போட விரும்பினார். அடுத்த படத்துக்காகப் பெர்க்மன் முடியை வெட்டிவிட்டதால் காட்சிகளைத் திரும்ப எடுக்க முடியவில்லை, பாட்டு தப்பித்தது. படத்துக்குள் சாமின் நிலை என்ன? ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதரை, பியானோ வாசிக்கும் பையன் என்றுதான் இல்சா குறிப்பிடுகிறாள். போட்டி மதுக்கூட முதலாளி ஃபெராரி, சாமை என்ன விலைக்குத் தருகிறாய் என்று கேட்கும்போது, மனிதர்களை நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை என்று ரிக் சொல்லும் வசனத்துக்குக் கைதட்டல் விழும். கடைசியில் கூடத்தை அதே ஃபெராரிக்கு விற்கும்போது, சாமுக்கு லாபத்தில் 25 சதவீதம் என்று பேசி முடித்து, ஊழியர்களை இடத்தோடு சேர்த்தே ஒப்படைக்கிறான் ரிக். சாமிடம் விடைபெற்றுக்கொள்ளும் காட்சி எழுதப்படவே இல்லை. பாரிசிலிருந்து கூடவே ஓடிவந்த ஒரே துணைக்கு அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக ரெனோவுக்குக் கிடைக்கிறது, உலகப் புகழ்பெற்ற கடைசி வசனம். இது ஓர் அழகான நட்பின் தொடக்கம் என்று ரிக் சொல்ல, இருவரும் பனிமூட்டத்துக்குள் நடந்து மறைகிறார்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு வாலிஸ் எழுதி, போகார்ட்டைக் கூப்பிட்டுக் குரல் மட்டும் பதிவுசெய்து சேர்த்த வரி அது. ரெனோவாக வரும் கிளாட் ரெய்ன்ஸின் நடிப்பு படத்தின் பேரின்பம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த நண்பர் அன்னினாக்களிடம் விசாவுக்கு உடம்பைக் கேட்டவர். 22 விழுந்ததும், என் சின்னக் காதல்களில் ஏன் தலையிடுகிறாய் என்று ரிக்கைச் செல்லமாகக் கோபித்துக்கொள்பவர். காதலுக்கு ஒரு மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பது ரிக்கின் பதில். தணிக்கை அலுவலகம் இந்த விவகாரத்தைப் பூசி மெழுகச் சொன்னது, படமும் அதைச் சிரிப்பாக்கி ஆறப்போட்டது. வாய்ச்சாதுரியம் உள்ளவனுக்கு எதையும் மன்னித்துவிடும் நம் பலவீனத்தை இந்தப் படம் மிகத் திறமையாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஜெர்மானியனைப் பார்த்துச் சிலிர்க்கிற நாம், ரெனோவைப் பார்த்து ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டால் சங்கடம்தான் மிஞ்சும்.

போர் முடிந்த பிறகு இந்தப் படத்தை வைத்து ஒரு பரிசோதனை தற்செயலாக நடந்தது. 1952இல் மேற்கு ஜெர்மனியில் இதை வெளியிட்டவர்கள், நாஜிகளை நினைவூட்ட விரும்பவில்லை. மேஜர் ஸ்ட்ராசரை வெட்டினார்கள், மார்செய்யேஸை வெட்டினார்கள். இருபது நிமிடங்களுக்கு மேல் போயிற்று. டப்பிங்கில் லாஸ்லோ, லார்சன் என்ற நார்வே விஞ்ஞானியாக மாறினார். ஏதோ கதிர்களைக் கண்டுபிடித்தவர், அதனால் துரத்தப்படுகிறவர். மிஞ்சியது ரிக்கும் இல்சாவும் பாரிஸும் பாட்டும். எல்லோரும் புகழ்கிற காதல் கதை மட்டும், கலப்படமில்லாமல். அந்த வடிவத்தைப் பற்றி இன்று யாரும் காவியம் என்று பேசுவதில்லை. வெட்டியவர்களைப் பற்றிய கேலிக் கதையாகத்தான் அது நினைவில் இருக்கிறது. முழுப் படம் புதிய டப்பிங்கோடு 1975இல் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் ஜெர்மானியர்கள் உண்மையான ‘காசாபிளாங்கா’வைத் தங்கள் மொழியில் பார்த்தார்கள்.

அமெரிக்காவிலும் வேறு வகையில் முயன்று பார்த்தார்கள். 1955இல் ஒரு தொலைக்காட்சித் தொடர், 1983இல் இன்னொன்று. இரண்டுமே சீக்கிரம் மூடப்பட்டன. 1974இல் மறு ஆக்கம் செய்யக் கேட்டபோது பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ மறுத்துவிட்டார். ரிக்கை எழுதலாம், கூடத்தைக் கட்டலாம், பாட்டை மறுபடி பாடவைக்கலாம். போலி விசாவோடு கப்பலில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்த 19 வயதுப் பெண்ணை எந்த நடிகர் தேர்வில் பிடிப்பது?